மணிக்கு அறுபது

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு மாதம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன், அப்புறம் இன்னும் நாலு மாதம் போகும். அதனால்தான் மெயில். இதில் நீ கத்தினாலும் எனக்குக் கேட்காது.

ஆபீஸ் வேலையை விட்டால் நடுத்தெருவில் நிற்பேன் என்றாயே, இன்னும் நிற்கவில்லை. சின்னச் சின்னதாக வேலைகள் வந்தன. இப்போது உருப்படியாக ஒன்று வந்திருக்கிறது. முதியோர் இல்லங்கள் நடத்தும் ஒரு நிறுவனம். மொத்தம் ஏழு வீடுகள். ஞாபகம் தப்பிப்போனவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களில் யாராவது வாசற்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனால், அங்கே வேலை பார்க்கிறவர்களின் போன் அந்த நொடியே அலற வேண்டும். அந்த மென்பொருளை எழுதிய ஆள் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். இனி அதை நான் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் கிடையாது. எத்தனை மணி நேரம் வேலையோ அத்தனை மணிக்குக் காசு.

அந்த நிறுவனத்தின் மேலாளர் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்க ரேட் என்ன, மணிக்கு எவ்வளவு?" வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

அக்கா, பயமாக இருக்கிறது. சிரிக்காதே. கூட்டிச் சொன்னால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். குறைத்துச் சொன்னால் அந்த விலையிலேயே மாட்டிக்கொள்வேன். நோட்டில் இருபது டாலர் என்று எழுதி அடித்தேன். முப்பத்தைந்து என்று எழுதி அதையும் அடித்தேன். கடைசியில் பக்கத்தையே கிழித்துப் போட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் பத்து வருஷம் உட்கார்ந்தவன், ஒரு எண்ணை எழுதத் தெரியாமல் முழிக்கிறேன். கையில் இருப்பது ஐந்து மாதம் தாங்கும். ஆகஸ்டில் குழந்தை பிறக்கும். ஆமாம், நிஜம்தான். இதைச் சொல்லத்தான் போன வாரம் மூன்று தடவை உன் நம்பரை எடுத்து எடுத்து வைத்தேன்.

உன் லிஃப்ட் கம்பெனியில் ரிப்பேருக்கு மணிக் கணக்கில்தானே வாங்குகிறார்கள்? எப்படி விலை போடுகிறார்கள் என்று சொல். உன்னை விட்டால் எனக்குக் கேட்க ஆள் இல்லை.

எலி


மார்ச் 5

டேய் எலி,

கோபம் இன்னும் போகவில்லை. அத்தை ஆகப்போகிறேன் என்பதற்காக மட்டும் எழுதுகிறேன். உன் பெண்டாட்டியை நன்றாகப் பார்த்துக்கொள். உன் பயத்தை எல்லாம் அவள் தலையில் கொட்டாதே.

கேட்டதற்குப் பதில். நான் ஒரு லிஃப்டைப் பிரித்து மாட்டினால் கம்பெனி மணிக்குத் தொண்ணூறு வாங்குகிறது. என் கைக்கு வருவது முப்பது. மீதி எல்லாம் முதலாளி பாக்கெட்டுக்கா போகிறது? கொஞ்சம் போகிறதுதான். ஆனால் நான் வண்டியில் போகிற நேரம், ஸ்பேர் பார்ட்டுக்காகக் காத்துக் கிடக்கிற நேரம், காய்ச்சலில் படுக்கிற நாள், லீவு, தலையில் போடுகிற ஹெல்மெட், ஏதாவது ஆகிவிட்டால் கைகொடுக்கிற இன்ஷூரன்ஸ், எல்லாமே அந்தத் தொண்ணூறுக்குள் இருக்கிறது. இனிமேல் மெக்கானிக்கும் நீதான், கம்பெனியும் நீதான். அதைப் புரிந்துகொள்.

உன் பழைய சம்பளத்தை மணிக்குப் பிரித்தால் முப்பது என்று நீயே சொல்லியிருக்கிறாய். இனி நீ உட்கார்ந்திருக்கிற நேரத்தில் பாதிக்குத்தான் யாராவது காசு கொடுப்பார்கள். மீதிப் பாதி ஆள் தேடுவது, பேசுவது, பில் எழுதுவது, தலைவலி என்று போய்விடும். ஆகவே முப்பதும் முப்பதும் அறுபது. மணிக்கு அறுபது. ஒன்றுகூடக் குறைக்காதே. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். அந்த அம்மா பேசுகிற வரைக்கும் நீ பேசாதே. அதுதான் கஷ்டமே.

அப்பா மாதிரி மட்டும் பண்ணாதே. அஞ்சு மாடி ஏறி, லிஃப்ட் மோட்டாரைக் கழற்றி மாட்டி, முழங்கை வரை கிரீஸோடு இறங்கி வருவார். "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு, "பார்த்துக் குடுங்க" என்பார். அவர்களும் நன்றாகப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். நம் வீட்டு நிலைமை உனக்குத் தெரியாததா?

அக்கா


மார்ச் 8

அக்கா,

கோட்டை விட்டுவிட்டேன்.

நேற்றுப் பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். உன் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து, அறுபதைச் சுற்றி வட்டம் போட்டு முன்னால் வைத்திருந்தேன். "சொல்லுங்க, மணிக்கு எவ்வளவு?" என்றார். வாயைத் திறந்தேன். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க மேடம்" என்றேன். அப்பா குரல் அக்கா. அப்படியே அப்பா. என் தலையில் கைகூடப் போயிருந்தது.

"இருபத்திரண்டு?" என்றார். பேரம் பேசுவேன் என்று நினைத்துக் கேட்ட மாதிரிதான் இருந்தது. நான் நன்றி சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

அறுபது ஏன் வாயில் வரவில்லை என்று உனக்குச் சொல்லத்தான் வேண்டும். நவம்பரில் நீ வந்த அன்றைக்கு, வழக்கம்போல் லிஃப்டை விட்டுவிட்டு நாலு மாடியும் படியேறி மூச்சு வாங்க வந்து நின்றாய். லிஃப்ட் மெக்கானிக் படியேறுகிற அதிசயத்தை எங்கள் மாடியில் எல்லோரும் பேசுவார்கள். "உடம்புக்கு நல்லதுடா" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சாப்பிட உட்கார்ந்தோம். வேலையை விட்டதைச் சொன்னேன். நீ தட்டைத் தள்ளிவிட்டு, "உனக்கெல்லாம் மணிக்கு இவ்வளவுன்னு யார்டா தூக்கிக் குடுப்பா?" என்றாய். என் மனைவி முன்னால் சொன்னாய். நேற்று அறுபதைச் சொல்ல வாயைத் திறந்ததும் காதில் விழுந்தது அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேசையில் ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்திருக்கிறேன். வேலை தொடங்கினால் ஓட விடுவேன். எழுந்தால் நிறுத்துவேன். யோசித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் நிறுத்துவேன். என் தப்பை நானே திருத்துகிற நேரத்துக்கும் நிறுத்துவேன். நான் செய்த தப்புக்கு அவர்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? அது ஓடும்போது போனைத் தொடுவதில்லை. சத்தத்தை அணைத்து இழுப்பறையில் போட்டுவிடுவேன். முந்தாநாள் ஒரு சின்ன வேலைக்கு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தேன். பில்லில் ஏறியது நாலேகால். நாணயமாக இருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். பயமாகவும் இருக்கலாம்.

எலி


மார்ச் 10

எலி,

என் தலையில் போடாதே. சாப்பிடும்போது ஆயிரம் பேசுவோம். அதை மடியில் கட்டிக்கொண்டு நாலு மாதம் திரிவாயா? அறுபது சொல் என்று எழுதியதும் நான்தானே? அது மட்டும் ஏன் காதில் விழவில்லை?

அந்த ஸ்டாப்வாட்சைக் குப்பையில் போடு. நான் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பேன். அதற்கும் பில் உண்டு. கேட்டால்தான் எது தேய்ந்திருக்கிறது என்று தெரியும்.

வேலை கிடக்கிறது.

அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு ஆறு வாரமாகப் பதில் போடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். முதல் வாரம் கோபம்தான். அப்புறம் நேரமே இல்லை.

மேலாளர் அம்மாவுக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது. பிடிக்காதா பின்னே? இந்த விலைக்கு யார் கிடைப்பார்கள்? இன்னும் இரண்டு வீடுகளைச் சேர்த்துவிட்டார்கள், மொத்தம் ஒன்பது. தினமும் பதினொரு மணி நேரம் உட்காருகிறேன். இருபத்திரண்டில் வாடகையும் ஆஸ்பத்திரிச் செலவும் கட்ட வேண்டுமென்றால் வேறு வழி இல்லை. மற்ற சின்ன வேலைகளையும் விடவில்லை. முதுகு பிடித்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து கிழவன் மாதிரி எழுந்திருக்கிறேன்.

எழுதுவது அதற்காக இல்லை. மனசு ஒரு மாதிரி இருக்கிறது.

மென்பொருளில் எதை மாற்றினாலும், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரை வாசற்கதவைத் திறக்கச் சொல்லி, அங்கே போன் அடிக்கிறதா என்று கேட்டுக்கொள்வேன். கதவுச் சோதனை என்று நானே அதற்குப் பேர் வைத்திருக்கிறேன். ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிஷம் ஆகும். அங்கே இருப்பவர்களுக்கும் ஆயிரம் வேலை. "இதோ வர்றேன்" என்று போனால் கால் மணி நேரம் ஆள் வராது. ஏழு வீடு இருந்தபோதே ஐந்து மணி நேரம் ஆனது, இப்போது ஒன்பதுக்கு ஆறு. ஒரு தடவை அந்த ஐந்தைப் பில்லில் போட்டேன். "ரெண்டு வரி மாத்தினதுக்கு அஞ்சு மணி நேரமா?" என்று அந்த அம்மா சிரித்தார். திட்டவில்லை, சிரிக்கத்தான் செய்தார். நான் உடனே "விட்டுடுங்க மேடம்" என்று அடித்துவிட்டேன். அதற்கப்புறம் காசில்லாமலே செய்துவந்தேன்.

போன வாரம் புது வீடுகளைச் சேர்த்தபோது செய்யவில்லை. உடம்பு முடியவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஏழு வீட்டில் ஓடுவது ஒன்பதில் ஓடாதா என்று விட்டுவிட்டேன். ஆனால் அதிலிருந்து, வீட்டில் யாராவது கதவைத் திறந்தாலே தூக்கிவாரிப் போடுகிறது. இவள் பால் வாங்கப் போகக் கதவைத் திறந்தால்கூட எழுந்து எட்டிப் பார்க்கிறேன். இந்த வாரம் ஒரு நாள் ஒதுக்கிச் செய்துவிட வேண்டும்.

நீ லிஃப்டை முடித்துவிட்டுக் கிளம்பும்போது இப்படி இருக்குமா?

எலி


ஏப்ரல் 24, வியாழன், மாலை

அக்கா,

நீ இன்னும் பதில் போடவில்லை. அதற்குள் நடந்துவிட்டது.

ஒன்பதாவது வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்தவர். இன்று மத்தியானம் மூன்று மணி வாக்கில் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். அங்கே ஒரு போனும் அடிக்கவில்லை. இரண்டு பெரிய சாலைகளைத் தாண்டியிருக்கிறார், அக்கா. லாரி போகிற சாலைகள். ஐம்பது நிமிஷம் தேடியிருக்கிறார்கள். கடைசியில் பஸ் ஸ்டாப்பில் நின்று, வந்தவர்களை எல்லாம் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று ஏற்றிக்கொண்டிருந்தாராம். முழங்காலில் சிராய்ப்பு. வேறு ஒன்றும் இல்லை.

ஏன் அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். புது வீட்டைச் சேர்க்கும்போது சோதித்துப் பார்ப்பதற்காக முதலில் என் நம்பரைப் போட்டு வைப்பேன். அப்புறம் அதை எடுத்துவிட்டு அங்கே வேலை பார்க்கிறவர்களின் நம்பரைப் போட வேண்டும். ஒன்பதாவது வீட்டில் மாற்ற மறந்திருக்கிறேன். கதவுச் சோதனை செய்திருந்தால் முதல் நிமிஷத்திலேயே தெரிந்திருக்கும்.

மணி என் போனில்தான் அடித்தது. மூன்று ஏழுக்கு ஆரம்பித்து ஆறு தடவை அடித்திருக்கிறது. ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. போன் இழுப்பறையில், சத்தமில்லாமல் கிடந்தது. என் முழங்கைக்குக் கீழே அக்கா, ஒரு சாண் தள்ளி. நாலு மணிக்கு எடுத்துப் பார்க்கிறேன், "கதவு திறந்திருக்கிறது, கதவு திறந்திருக்கிறது" என்று வரிசையாக நிற்கிறது.

நாலரைக்கு மேலாளர் அம்மா கூப்பிட்டார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: "உங்க சிஸ்டம் எல்லாம் சரிதான். அங்க ட்யூட்டில இருந்த பொண்ணு போனை எங்கேயோ வச்சுட்டுக் கதை பேசிட்டு இருந்திருக்கா. திங்கக்கிழமை கணக்கு முடிச்சு அனுப்பிடுறோம்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி மேடம்" என்றேன்.

என் நம்பரை எடுத்துவிட்டு அவர்கள் நம்பரைப் போட்டுவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது. இனி யார் தேடினாலும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம். சொன்னால் இந்த வேலை போகும். கேஸ் போட்டால் வீட்டுச் சாமான்கள்கூட மிஞ்சாது. சொல்லாவிட்டால் அந்தப் பெண் போவாள். இவளிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் குழந்தைக்குத் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள்.

என்ன செய்யட்டும்?


ஏப்ரல் 25

தம்பி,

காலையில் வேலைக்குப் போகாமல் இதை எழுதுகிறேன். இருபத்தொன்றாம் தேதிக் கடிதத்துக்கு நான் பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. "நீ லிஃப்டை முடித்துவிட்டுக் கிளம்பும்போது இப்படி இருக்குமா?" என்று கேட்டிருந்தாய். நாலு தடவை எழுதி அழித்தேன். இப்போது அழிக்காமல் எழுதுகிறேன்.

அப்பா போனபிறகு இரண்டு வருஷம் நான் தனியாக வேலை பார்த்தேன், இல்லையா? அப்போது நீ ஹாஸ்டலில் இருந்தாய். அக்கா ஒண்டியாக நின்று சமாளித்தாள் என்று அம்மா உன்னிடம் பெருமையாகச் சொல்வாள். எப்படிச் சமாளித்தேன் என்று அம்மாவுக்கும் தெரியாது. ஒரு பெண் லிஃப்ட் பார்க்க வந்திருக்கிறாளே என்று எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதற்காகவே நான் விலையைக் குறைத்துச் சொன்னேன். மற்றவர்கள் வாங்குவதில் பாதி. குறைத்துச் சொன்னதால் ஒரு நாளைக்குப் பதினாலு லிஃப்ட் பார்க்க வேண்டியிருந்தது. பதினாலு லிஃப்டை ஒழுங்காகப் பார்க்க ஒரு ஆளால் முடியாது.

பிரேக்கைச் சோதிக்க வேண்டுமென்றால் எடைக்கல்லை எல்லாம் தூக்கி உள்ளே வைத்து, மேலே கொண்டுபோய், கரண்டை நிறுத்திப் பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரம் ஆகும். அஞ்சு மாடிக் கட்டிடம் ஒன்று. கீழே பல் ஆஸ்பத்திரி, மேலே டியூஷன் சென்டர். அன்றைக்கு அது பதின்மூன்றாவது. சோதிக்காமலே சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் ஸ்பேனரை மறந்து வைத்துவிட்டேன் என்று திரும்பப் போனேன். மனசு கேட்காமல், எடையை ஏற்றிக் கரண்டை நிறுத்தினேன். பிரேக் பிடிக்கவில்லைடா. ஒன்றரை மாடி சரசரவென்று இறங்கித்தான் நின்றது. உள்ளே கல் மட்டும்தான் இருந்தது. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் முழுக்க அதில் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறார்கள். சரி செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதமே கம்பெனியில் சேர்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து வேலைக்காகத் தவிர நான் லிஃப்டில் ஏறுவதில்லை. உடம்புக்கு நல்லது என்பதெல்லாம் சும்மா. கதவு மூடினதும் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

நவம்பரில் நீ வேலையை விட்டேன் என்றதும், நான் பார்த்தது உன்னை இல்லை, அந்த லிஃப்டை. நீயும் குறைத்துச் சொல்வாய், நீயும் ஓடுவாய், நீயும் ஒரு நாள் பார்க்காமல் கையெழுத்துப் போடுவாய் என்று பயந்துவிட்டேன். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். யார் கொடுப்பார்கள் என்று கேட்டு உன்னைக் குத்தினேன். தப்புதான். மன்னித்துவிடு.

இப்போது கேள். போய்ச் சொல்லிவிடு. திங்கட்கிழமை அந்தப் பெண்ணுக்குக் கணக்கு முடிப்பதற்குள் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம், போனில் உன் வாய் அப்பா வாய் ஆகிவிடும். தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நேரில் போ. தப்பு யாருடையது என்று முதல் வரியிலேயே எழுது.

அதே தாளில், இனிமேல் மணிக்கு அறுபது என்றும் எழுது. மாற்றம் செய்கிற ஒவ்வொரு தடவையும் ஒன்பது வீட்டுக்கும் கதவுச் சோதனை, அது பில்லில் வரும் என்றும் எழுது. மன்னிப்புக் கேட்கப் போனவன் விலை பேசுகிறானே என்று உனக்குக் கூசும். எனக்கே எழுதக் கூசுகிறது. ஆனால் இருபத்திரண்டில் அந்தச் சோதனை நேரம் இல்லை, நீதான் அதை உன் முதுகிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். முதுகு ஒரு நாள் விட்டுவிட்டது. மறுபடி அதே விலைக்குச் செய்தால் மறுபடியும் விடும். அடுத்த தடவை தாத்தா பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்ச் சேருவார் என்று யார் சொன்னது?

வேலை போனால் போகட்டும். குழந்தைக்கு அத்தை இருக்கிறாள். உன் பெண்டாட்டியிடம் இன்றைக்கே சொல்.

அக்கா


ஏப்ரல் 28, திங்கள்

அக்கா,

சொல்லிவிட்டேன்.

இவளிடம் சனிக்கிழமையே சொன்னேன். மடித்து வைத்திருந்த குழந்தைத் துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். அப்புறம், "அந்தத் தாத்தாவுக்குக் கால் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். இன்று காலை என் சட்டையை அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

ஒன்பது மணிக்கே போய்விட்டேன். மேலாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண், மடியில் கைப்பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

மேலாளர் அம்மா தாளை வாங்கிப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். "அவங்க பேசுற வரைக்கும் பேசாதே" என்று நீ எழுதினாயே, அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இதை நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார்.

"தெரிஞ்சிருக்காது மேடம்."

"இதுல ரேட்டை வேற ஏத்தி எழுதியிருக்கீங்க!"

வாய்வரைக்கும் வந்தது அக்கா, "நீங்களே பார்த்து..." என்று. பல்லைக் கடித்து விழுங்கினேன். வெளியே இருங்கள் என்றார்.

அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிஷத்தில் வந்தாள். வேலை போகவில்லை. நான் எழுந்து நின்று, மன்னித்துவிடுங்கள் என்றேன். "வியாழக்கிழமையே உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள். தலையாட்டினேன். "நாலு நாள். வீட்டுல யார்கிட்டயும் மூஞ்சி குடுத்துப் பேசலை நான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நன்றியை எதிர்பார்த்துப் போகவில்லைதான். ஆனாலும் சுருக்கென்றது. அவள் சொன்னது சரி.

மறுபடி கூப்பிடும் வரை எதையும் தொடக்கூடாது என்று மத்தியானமே என் பாஸ்வேர்டை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். கேஸ் போடுவார்களா, மாட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் அழைப்புமணி அடித்தால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம்.

ஸ்டாப்வாட்சைத் தூக்கிப் போட்டுவிட்டேன். போனில் சத்தத்தை முழுசாக வைத்திருக்கிறேன்.

எலி


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

பதினொரு நாள் கழித்து இன்றுதான் மூச்சு விடுகிறேன். அதுவும் பாதி மூச்சுதான்.

புதன்கிழமை மேலாளர் அம்மா கூப்பிட்டார். குரல் பழைய மாதிரி இனிப்பாக இல்லை. "ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சேன். ஒருத்தர் எழுபது சொன்னார், ஒருத்தர் எண்பது சொன்னார். கதவைத் திறந்து பார்க்கணும்னு ரெண்டு பேருமே சொல்லலை" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். இப்போது அது பழகிவிட்டது. "முதல்ல ஒன்பது வீட்டையும் நேர்ல போய்ச் சோதிச்சுக் குடுங்க. அந்த ஆறு மணி நேரத்துக்கு நீங்க எழுதின ரேட்டே தர்றோம். அப்புறம் மூணு மாசம் பார்ப்போம். இன்னொரு தடவை இப்படி நடந்தா நான் உங்களோட பேச மாட்டேன், எங்க வக்கீல் பேசுவார்." சரி மேடம் என்றேன். இந்த முறை தெரிந்துதான் சொன்னேன்.

இன்று போனேன். எட்டு வீடுகள் ஒழுங்காக முடிந்தன. ஒன்பதாவது வீட்டுக்குக் கடைசியில்தான் போனேன். அந்தப் பெண்தான் ட்யூட்டியில் இருந்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போய் நின்றாள். கண்டக்டர் தாத்தா முழங்காலில் பிளாஸ்திரியோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன். நாலு என்றபோது அடிக்கவில்லை என்றே முடிவு செய்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது அடித்தது. வீடே அதிர்கிற மாதிரி அடித்தது. என் பையில் இருந்த போன் அடிக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். அது சும்மா கிடந்தது. அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "இன்னொரு தடவை திறங்க" என்றாள். மூன்று தடவை திறக்க வைத்துவிட்டுத்தான் விட்டாள்.

தாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னப்பா, இதே வேலையா உனக்கு?" என்றார்.

"கதவைத் திறந்தா மணி அடிக்குதான்னு பாக்கிறேன் தாத்தா."

"அதுக்குக் காசு குடுக்கிறாங்களா?"

"குடுக்கிறாங்க."

"எவ்வளவு?"

அக்கா, அதுவரைக்கும் நான் அதைத் தாளில்தான் எழுதியிருந்தேன். வாயால் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. இவளிடம்கூட அந்தத் தாளில் விரலை வைத்துத்தான் காட்டினேன். அங்கே திறந்த கதவில் கையை வைத்துக்கொண்டு, "மணிக்கு அறுபது" என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் வந்துவிட்டது.

தாத்தா என் செருப்பைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் நின்ற பெண்ணைப் பார்த்தார். நாலு டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணுகிற ஆள் மாதிரி விரலில் ஏதோ போட்டுப் பார்த்தார்.

"கம்மிதான்" என்றார்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

எலி


மே 10, சனி

டேய் எலி,

அந்தக் கண்டக்டர் மனுஷனை நவம்பரில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பதிலாக உட்கார வைத்திருக்க வேண்டும்.

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த அஞ்சு மாடிக் கட்டிடத்துக்குப் போனேன். இப்போது வேறு கம்பெனி பார்த்துக்கொள்கிறது. புது லிஃப்ட், புது பிரேக். உள்ளே ஒட்டியிருக்கிற சோதனைத் தாளில் யாரோ ஒருவன் ஒழுங்காக நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஐம்பது நிமிஷம் ஆகியிருக்கிறது அவனுக்கு. அதை மட்டும் கதவுக்கு வெளியே நின்று படித்துவிட்டு வந்துவிட்டேன். ஏறத் தைரியம் வரவில்லை.

நாளைக்குப் பதினொரு மணி பஸ்ஸில் வருகிறேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் சொல், வாங்கி வருகிறேன். உன் வீட்டுக்கு நாலு மாடியும் லிஃப்டில்தான் வரப்போகிறேன். பயமாக இருக்கிறது. கீழே வந்து நில்.

அக்கா